முத்துராக்கு போட்ட மார்க்

வாங்க மேடம், தள்ளுங்க, தொறந்துதான் இருக்கு. தாப்பா துருப்பிடிச்சுப் போச்சு, அதான் போடுறதில்ல. திருட இங்க என்ன இருக்கு? அந்த நாற்காலில ஒக்காருங்க. இந்த ஸ்டூலு ஒரு காலு ஆடும், எனக்கு அது பழக்கம்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். சூப்பர்வைசர் பொண்ணு போன் போட்டுச்சு. "ராக்கக்கா, பரீட்சைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டியாமே, புதுசா வந்திருக்க மேடம் ஒன்னய வீட்டுலயே வந்து பாக்குறாங்களாம்"னு. ஆமா, சொல்லிட்டேன். வேலைக்கு வர்றேன், காலேஜு பூராத் தொடைக்கச் சொன்னாலும் தொடைக்கிறேன். அந்தப் பரீட்சை மூணு நாளைக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்கங்க.

கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. காரணம் இருக்கு. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. அவசரமாப் போகணுமா? இல்லையே? அப்ப டீ போடுறேன். பால் வாங்கி வச்சிருக்கேன். எனக்கெதுக்குப் பாலு, நான் வரக்காப்பி குடிக்கிறவ. நீங்க வர்றீங்கன்னு வாங்குனேன்.

நீங்க புதுசு, அதனால மொதல்ல இருந்து சொல்றேன். டாக்டருக்குப் படிக்கிற கடைசி வருசப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வச்சாரு அழகுசுந்தரம் சாரு. ஒங்களுக்கு முன்னாடி ஒங்க சீட்டுல இருந்தவரு, போன வருசம் ரிட்டையர் ஆயிட்டாரு. ஒரு பொம்பளையோட வீட்டுக்காரரு செத்துட்டா, அந்தச் சேதிய அந்தப் பொம்பளகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பரீட்சை. அந்தப் பொம்பளையா நடிக்க வெளியூர்ல இருந்து யாரோ நாடகத்துக்காரம்மா வர்றதா இருந்துச்சு. வரல. நான் அந்த ரூமத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். சாரு கடியாரத்தப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு. "ராக்கு, வாளிய வச்சுட்டு வந்து ஒக்காரு"ன்னாரு. அன்னைக்கு ஒக்காந்தவதான். மூணு வருசம், வருசத்துக்கு நூறு பிள்ளைக.

எப்படின்னா, ஒரு ரூமு, எதிர எதிர ரெண்டு நாற்காலி, ஒரு டிஸ்யூ டப்பா. மூலையில சாரு மார்க் பேப்பரோட இருப்பாரு. மணி அடிக்கும், ஒரு பிள்ள உள்ள வரும். ஆறு நிமிசம். வந்து ஒக்காரணும், பேரச் சொல்லணும், சாப்பிட்டீங்களான்னு கேக்கணும், ஒங்ககூட யாராச்சும் வந்திருக்காங்களான்னு கேக்கணும், ஒங்க வீட்டுக்காரரப் பத்தி ஒங்களுக்கு எம்புட்டு தெரியும்னு கேக்கணும். அப்பறம் பைய, ஒரு கஷ்டமான விசயம் சொல்லணும்னு ஆரம்பிக்கணும். சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு இருக்கணும், நான் அழுகுறதுக்கு. எல்லாத்துக்கும் தனித்தனியா மார்க்கு.

சாருக்குப் பத்து மார்க்கு. எனக்கு அஞ்சு. ஆமா மேடம், நானும் மார்க்குப் போடுவேன். நோயாளி மார்க்குன்னு அதுக்குப் பேரு. அஞ்சு வட்டம் போட்டிருக்கும், நான் எத்தன வேணுமோ அத்தனைல பேனாவ வச்சுத் தேய்க்கணும். சாரு சொன்னாரு, "நெசமாவே ஒனக்கு ஒரு சாவுச் சேதி வந்தா இந்தப் பிள்ள வாயால கேக்கலாமா வேணாமா, அத மட்டும் பாத்துப் போடு ராக்கு"ன்னு. அத மட்டும்தான் பாத்துப் போட்டேன். ஒரு பிள்ளைக்குக் கூட பாரபட்சம் பாத்ததில்ல. வந்ததும் வராததுமா, ஒங்க வீட்டுக்காரரு இறந்துட்டாருன்னு மொட்டையாப் போட்டு ஒடைக்கிற பிள்ளைக்கு ஒரு வட்டம்கூட கெடையாது. அடுத்த வருசப் பிள்ளைகளுக்கெல்லாம் அது தெரிஞ்சுபோச்சு. ராக்கம்மாகிட்டப் போனா அவசரப்படாத, மொதல்ல ஒக்காரு, பையப் பையச் சொல்லுன்னு ஆஸ்டல்ல பேசிக்கிருவாய்ங்களாம். அந்தப் பழக்கத்த உண்டாக்குனது நாந்தான்.

எனக்கு ஒரு கார்டு குடுத்திருந்தாய்ங்க. புருசன் லாரி டிரைவரு, அடிபட்டு ஆப்பரேசன் பண்ணியும் பொழைக்கல. ஒரு மகன், வெளிய நிக்கிறான். அதுதான் கத. மொத நாளு சாரு கேட்டாரு, "புருசனுக்கு ஒரு பேரு வேணுமே, என்ன வைக்கலாம்?" நான் சட்டுனு தங்கப்பாண்டின்னுட்டேன். அவரும் எழுதிக்கிட்டாரு. அது எம் புருசன் பேருன்னு சாருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு போனவன் மேடம். பத்தொம்பது வருசத்துக்கு முன்னாடி. அங்கிட்டு ஒருத்தியோட இருக்கான்னு ரெண்டு வருசம் கழிச்சுச் சேதி வந்துச்சு. நான் போயி நிக்கல, கெஞ்சல, அழுகல. பிள்ளகுட்டியும் இல்ல. தொலைஞ்சான்னு விட்டுட்டேன். அவன நெனக்கிறதே இல்ல. ஆனா அந்தப் பேர வச்சதுல ஒரு சந்தோசம். ஒரு நாளைக்கு முப்பத்திமூணு தடவ, படிச்ச பிள்ளைக, கோட்டுப் போட்ட பிள்ளைக எனக்கு எதுத்தாப்புல ஒக்காந்து, தங்கப்பாண்டி இறந்துட்டாரும்மான்னு சொல்லுதுக. மொத நாளு உள்ளுக்குள்ள சிரிச்சேன். சாவட்டும்னு.

ரெண்டாம் நாளு மத்தியானத்துக்கு மேல கண்ணுல தண்ணி வந்துச்சு. சாரு அசந்துட்டாரு. "என்னமா நடிக்கிற ராக்கு!"ன்னாரு. நடிப்புதான். வேறென்ன?

ஒண்ணு சொல்றேன், வருசத்துல அந்த மூணு நாளு எனக்குப் பிடிக்கும். வருசம் பூரா அதே பிள்ளைகதான் நான் தொடச்ச ஈரத்துல மிதிச்சுட்டுப் போகும், நிமிந்து பாக்காது. அதுகளச் சொல்லி என்ன, அதுகளுக்குப் படிப்பு. ஆனா அந்த மூணு நாளும் ஒவ்வொண்ணும் எம் மொகத்தப் பாத்து, சாப்பிட்டீங்களாம்மான்னு கேக்கும். ஒங்ககூட யாராச்சும் இருக்காங்களான்னு கேக்கும். எம் மகன் வெளிய நிக்கிறான் டாக்டர்னு நான் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி அவனுக்கு ஒரு சட்டகூட மனசுல வந்துருச்சு. கட்டம் போட்ட சட்ட.

இருங்க, டீ பொங்குது.

இந்தாங்க. சீனி போதுமா பாருங்க. எங்க விட்டேன்? ஆங், விஷ்வேஷு. அவனப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

ரெண்டாவது வருசத்துப் பேட்ச்சுல அவன்தான் லீடரு. லீடருன்னா சும்மா இல்ல மேடம். கேன்டீன் சாம்பார்ல புழு கெடந்துச்சுன்னு நூறு பேரக் கூட்டிக்கிட்டுப் போயி டீன் ரூமு முன்னாடி ஒக்கார வச்சவன். ஆஸ்பத்திரியில யாருக்கோ ரத்தம் வேணும்னா, பத்து நிமிசத்துல இருவது பயலுகள வரிசையா நிப்பாட்டுவான். மேடையேறுனா கணீர்னு பேசுவான். தம்பி பெரிய ஆளா வரும்னு வாட்ச்மேன்ல இருந்து எல்லாரும் சொல்லுவாக. நானும் சொல்லியிருக்கேன்.

பரீட்சையில அவன் வந்தான். நாற்காலிய இழுத்து எம் மொகத்துக்கு நேரா ஒக்காந்தான். பேரச் சொன்னான், சாப்பிட்டீங்களான்னான், ஒரு எழுத்துப் பெசகல. சேதியச் சொன்ன விதம் பூப்போல இருந்துச்சு. சொல்லிட்டு வாய மூடிக்கிட்டான். நான் அழுதேன். அழுதுக்கிட்டே கீழ பாத்தா, அவன் கை தொடையில இருக்கு, விரலு எண்ணுது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கட்டை விரல வச்சு ஒவ்வொரு விரலாத் தொட்டுத் தொட்டு எண்ணுறான். பத்து எண்ணுற வரைக்கும் பேசக் கூடாதுன்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்னு நெனச்சேன். ஒருத்தி புருசன் செத்து அழுதுக்கிட்டு இருக்கா, இவன் கணக்குப் போடுறான்.

எண்ணி முடிச்சுட்டு ஒண்ணு கேட்டான். "ஒங்க வீட்டுக்காரரு கடைசியா ஒங்ககிட்ட என்னம்மா பேசுனாரு?"

அந்தக் கேள்வி கார்டுல இல்ல. யாரும் கேட்டதும் இல்ல. நான் என்னத்தச் சொல்ல? மணி அடிச்சுருச்சு. அவன் கும்பிட்டுட்டுப் போயிட்டான். அத விடுங்க, அந்தக் கேள்விக்காக நான் ஒண்ணும் பண்ணல. விரலுக்காகத்தான் முட்டை போட்டேன். அஞ்சு வட்டத்துல ஒண்ணுல கூட பேனா படல. சாரு பத்துக்குப் பத்துப் போட்டிருந்தாரு. என் பேப்பரப் பாத்துட்டு, "ராக்கு, நெசமாவா?"ன்னாரு. நெசமாத்தான்னேன்.

அந்த அஞ்சு மார்க்குல அவனுக்குத் தங்க மெடலு போச்சு. அது எனக்குத் தெரியாது, பின்னால தெரிஞ்சுச்சு.

மார்க்கு வந்த மறுநாளு குழாயடிக்கு வந்தான். நான் மாப்பு அலசிக்கிட்டு இருந்தேன். "அம்மா, நான் என்ன தப்புப் பண்ணேன்? சொன்னா திருத்திக்கிருவேன்"னான். தன்மையாத்தான் கேட்டான். நான் சொன்னேன், "ஒனக்கு உள்ள ஒண்ணுமில்ல தம்பி. நீ எண்ணுற."

அவன் மொகம் எப்படிப் போச்சுங்கிறீங்க. திரும்பி விறுவிறுன்னு போயிட்டான். அன்னைக்குச் சாயங்காலமே மனு எழுதிட்டான். நோயாளி மார்க்க எடுக்கணும்னு. பேட்ச்சு மொத்தத்துக்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டான். ஆபீஸ் கிளார்க்கு எனக்கு வாசிச்சுக் காட்டுனாரு. தரை தொடைக்கிற ஒரு அம்மா போடுற மார்க்க வச்சு எங்க படிப்ப எட போடக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. நான் கேட்டுக்கிட்டு நின்னேன். அப்பறம் போயி அந்த ஆபீசையும் தொடச்சேன்.

சாரு விட்டுக் குடுக்கல. நோயாளிக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலதான், அதுக்கு மேல கோர்ட்டு கெடையாதுன்னுட்டாரு. அந்த எழுத்தப் பாத்ததுல அவருக்கு வந்த கோவத்துல, கடைசி வருசம் எல்லாரும் போற டூரையும் டீன்கிட்டச் சொல்லி ரத்து பண்ணிட்டாரு. அம்புட்டுத்தான். கையெழுத்துப் போட்ட அத்தன பயலும் இவன் மேல பாஞ்சுட்டாய்ங்க. ஒன் மெடலுக்காக எங்க டூரக் கெடுத்தியேன்னு. ஒரே வாரத்துல வேற பிள்ளைய லீடராப் போட்டாய்ங்க. அதுக்கப்பறம் அவன்கூட யாரும் ஒக்காந்து சாப்பிட்டு நான் பாக்கல.

நல்லா வேணும்னு நெனச்சேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஆக்சிஜன் டேங்குக்குப் பின்னாடி ஒரு சிமிட்டிப் பெஞ்சு இருக்கு, பாத்திருக்கீங்களா? மத்தியானம் நான் அங்கதான் சாப்பிடுவேன். மத்தவகளோட ஒக்காந்தா பேச்சு மாமியாரு, மருமக, பேரன்னு போகும், எனக்கென்ன அதுல? அவன் பரீட்சையெல்லாம் முடிச்சு அவுஸ் சர்ஜனா வார்டுக்கு வந்தான் பாருங்க, அப்ப இருந்து அவனும் ஒரு பொட்டலத்தத் தூக்கிக்கிட்டு அந்தப் பெஞ்சுக்கு வந்துட்டான். அவன் அந்த ஓரம், நான் இந்த ஓரம். ரெண்டு மாசம் மேடம். ஒரு வார்த்த பேசல. ஒரு தடவ எந் தண்ணி பாட்டில் உருண்டு அவன் காலுகிட்டப் போயிருச்சு. எடுத்து நடுவுல வச்சான். நானும் எடுத்துக்கிட்டேன். அம்புட்டுத்தான்.

சித்திரை மாசம், ஒரு செவ்வாக்கெழம. நான் டப்பாவத் தொறந்து வச்சிருக்கேன். அவன் பொட்டலம் இல்லாம வந்தான். அவன் ஓரத்துல ஒக்காரல. நடுவுல, எனக்கு எதுத்தாப்புலயா திரும்பி ஒக்காந்தான்.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

நான் பாத்தேன். சோத்துல கைய வச்சிருக்கேன், இவன் கேக்குறான். "என்னப்பா?"ன்னேன்.

"ஒங்ககூட வீட்டுல யாரும்மா இருக்கா?"

எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு.

"ஒங்க வீட்டுக்காரரப் பத்தி ஒங்களுக்கு எம்புட்டும்மா தெரியும்?"

வந்துச்சு பாருங்க கோவம்! அதே கேள்வி, அதே வரிச. ஒரு வருசம் கழிச்சு எம் முன்னாடி வந்து ஒப்பிச்சுக் காட்டுறான், பாரு நான் எப்படிச் சொல்றேன்னு. "ஏம்ப்பா, நீ பாஸாகி டாக்டராயிட்ட. பரீட்சை முடிஞ்சுபோச்சு. இன்னுமா அந்த அஞ்சு மார்க்கு ஒனக்கு உறுத்துது?"ன்னேன்.

"இல்லம்மா, இது நெசம்மா. ஒரு கஷ்டமான விசயம்..."

"எல்லாப் பிள்ளையும் நெசம்னுதான் சொல்லுது"ன்னு டப்பாவ மூடிக்கிட்டு எந்திரிச்சுட்டேன். பின்னாடியே வந்தான். "அம்மா, தங்கப்பாண்டி..."ன்னான். நான் திரும்பி நின்னு, "அந்தப் பேர எடுத்தேன்னா நேரா டீன் ரூமுக்குப் போயிருவேன்"னு கத்திட்டேன். நாலு பேரு திரும்பிப் பாத்தாய்ங்க. அவன் அப்படியே நின்னுட்டான். எனக்கு ரெண்டு மணிக்கு டூட்டி முடியும். வீட்டுக்கு வந்துட்டேன். சாயங்காலம் சூப்பர்வைசர் நம்பர்ல இருந்து நாலு தடவ போன் வந்துச்சு. எவளோ லீவு போட்டிருப்பா, என்னயக் கூப்பிடுறாகன்னு எடுக்கல.

டீ ஆறிப்போச்சா? வேற போடவா? சரி, முடிச்சுட்டே போடுறேன்.

மறுநாளு ஏழு மணிக்கு வந்தேன். அனாட்டமி ஹாலு தொடைக்கிற வேல. பத்து மணி இருக்கும். அவன் வாசல்ல நிக்கிறான். கோட்டு இல்ல, சட்ட பூரா கசங்கிக் கெடக்கு. நாற்காலி தேடல, சாப்பிட்டீங்களான்னு கேக்கல. நின்ன எடத்துல இருந்தே சொன்னான்.

"அம்மா, தங்கப்பாண்டி செத்துட்டாரும்மா. நெசமாவே செத்துட்டாரு."

எனக்கு ஒண்ணும் ஓடல மேடம். கை மட்டும் தன்னால பக்கத்துல டிஸ்யூ டப்பாவத் தேடுச்சு. அங்க மாப்புக் கட்டைதான் இருந்துச்சு.

"ஒங்ககூட யாராச்சும் இருக்காங்களாம்மா?"ன்னான்.

நான் சொன்னேன், "எம் மகன் வெளிய நிக்கிறான் டாக்டர்"னு. அந்தப் பரீட்சைக் கொரல்லயே சொன்னேன். எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க. நூறு நூறாச் சொன்ன வாயி.

அந்தப் பய வெளிய ஓடிட்டான். கார்டுல இருக்குறதுன்னு அவனுக்கும் தெரியும்ல? இருந்தும் ஓடுனான். வராண்டாவுல அங்கிட்டும் இங்கிட்டும் அவன் ஓடுற சத்தம் எனக்குக் கேக்குது. திரும்பி வந்தான். "வெளிய யாரும் இல்லையேம்மா"ன்னான். சொல்லிட்டு ஈரத் தரையில, வாளிக்குப் பக்கத்துல ஒக்காந்துட்டான். நானும் ஒக்காந்தேன்.

பெறகு ஒவ்வொண்ணாச் சொன்னான். திங்கக்கெழம பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடந்தவன 108-ல தூக்கியாந்திருக்காக. ஈரல் கெட்டுப் போச்சாம். கூட ஆள் இல்லாத கேசு. மறுநாளு அந்தாளுக்கு நெனவு வந்ததும் விஷ்வேஷுதான் பேரு கேட்டு எழுதியிருக்கான். தங்கப்பாண்டி. பெஞ்சாதி பேரு? முத்துராக்கு. எங்க இருக்கா? இதே ஊருதான், அவளப் பாக்கத்தான் வந்தேன்னு சொல்லியிருக்கான். பரீட்சையில தானே ஒரு தடவ சாகடிச்ச பேரு, மறக்குமா? நேரா என்னயத் தேடிப் பெஞ்சுக்கு வந்திருக்கான். அவன் அன்னைக்குச் சொல்ல வந்தது சாவுச் சேதி இல்ல மேடம். ஒம் புருசன் உயிரோட இருக்கான், ஆம்பளைங்க வார்டுல கெடக்கான், ஒன்னயக் கேக்குறான், வான்னு சொல்ல வந்திருக்கான். அத மொட்டையாச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? பையத்தான் சொல்லணும்னு யாரு சொல்லிக் குடுத்தது?

நாந்தான்.

"சரிப்பா, காலையில ஏழு மணில இருந்து நான் இங்கதான இருக்கேன். நீ வர முடியாட்டி யாரையாச்சும் அனுப்பியிருக்கலாமே?"ன்னேன். தங்கப்பாண்டிக்கு மூச்சு எளைக்க ஆரம்பிச்சதுல இருந்து பக்கத்துல இருந்து நகர முடியலயாம். வார்டு ஆயாவ அனுப்புனானாம், அது ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் தேடிட்டு ஆளக் காணோம்னு வந்துருச்சாம். "ஒன் கூட்டாளிக அத்தன பேரு இருக்காய்ங்களே?"ன்னேன்.

"யாரும்மா எனக்காக வருவா?"ன்னான். பத்து நிமிசத்துல இருவது பேர நிப்பாட்டுன பய.

விரலு எண்ண ஆரம்பிச்சுருச்சு. தொடையில, அதே மாதிரி, ஒவ்வொண்ணா. நான் அந்தக் கையவே பாத்துக்கிட்டு இருந்தேன். "எதுக்குப்பா அத எண்ணுற?"ன்னேன்.

"எண்ணலன்னா அழுதுருவேன்மா"ன்னான். "அழுதா நம்மள நம்பி யாரும்மா எதுவும் சொல்லுவா? ஸ்கூல்ல இருந்தே இப்படித்தான்."

பத்து எண்ணி முடிச்சும் அழுகைதான் வந்துச்சு அவனுக்கு. எனக்கு வரல.

நான் அவன்கிட்ட அவன் கேள்வியவே கேட்டேன். கடைசியா என்ன பேசுனாருன்னு.

"ராக்கு வந்துட்டாளான்னு கேட்டாரும்மா. வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன். நேத்து மத்தியானத்துல இருந்து அதையேதான் கேட்டாரு, நானும் அதையேதான் சொன்னேன். கடைசி வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தாரு"ன்னான்.

நோயாளிகிட்டப் பொய் சொன்னா ரெண்டு மார்க்கு கொறைக்கணும். சாரு பேப்பர்ல அச்சடிச்சே இருக்கும், நீங்களும் பாத்திருப்பீங்க.

அன்னைக்குப் பொணத்த வாங்குற பாரத்துல உறவுன்னு இருந்த எடத்துல மனைவின்னு கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரி வேன்ல நானும் அவனும் டிரைவரும்தான் போனோம். சுடுகாட்டுலயும் அவன்தான் ஓடியாடி எல்லாம் பாத்தான். என் கழுத்தப் பாக்காதீங்க மேடம். ஆமா, கழட்டல. முந்நூறு தடவ செத்தப்பக் கழட்டல, இப்ப மட்டும் என்ன அவசரம்?

அடுத்த வாரம் ஆபீசுக்குப் போயி, அந்த விஷ்வேஷு பேப்பர எடுங்க, அஞ்சு வட்டத்தையும் நான் தேய்ச்சுத் தர்றேன்னேன். கிளார்க்கு சிரிச்சாரு. அதெல்லாம் யுனிவர்சிட்டிக்குப் போயி வருசம் ஒண்ணாச்சும்மான்னாரு. அதுக்கப்பறம்தான் இனிமே யாருக்கும் மார்க்குப் போடுறதில்லன்னு முடிவு பண்ணுனேன். உள்ள இருக்குறத வெளிய பாத்துச் சொல்லிருவேன்னு மூணு வருசம் பேனாவப் பிடிச்சேனே, எனக்கு என்ன தெரிஞ்சுச்சு? ஒண்ணும் தெரியல. அதான் மேடம் காரணம்.

அவன் இப்ப மெட்ராஸ்ல மேல படிக்கிறான். போன மாசம் போன் பண்ணுனான். சாப்பிட்டீங்களாம்மான்னான். சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியான்னேன். சாப்பிட்டேன்னான். அப்பறமும் ரெண்டு பேரும் போன வைக்காம காதுல பிடிச்சுக்கிட்டே இருந்தோம். அவன் அங்கிட்டு எண்ணுறானோ என்னமோ.

அவன் பரீட்சையில கேட்டானே, கடைசியா என்ன பேசுனாருன்னு. அதுக்கு எனக்குப் பதில் தெரியும் மேடம். பெரிய பேச்செல்லாம் இல்ல. பையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு, "தாப்பா போட்டுறாத ராக்கு, வெள்ளன வந்துருவேன்"னு சொன்னான். அம்புட்டுத்தான்.

என்ன மேடம், நீங்க ஏன் இப்படி? இந்தாங்க, டிஸ்யூ இல்ல, இந்தத் துண்டு சுத்தமான துண்டுதான்.

சரி. இம்புட்டு தூரம் வந்துட்டீங்க. வந்து ஒக்காருறேன். மார்க்கு மட்டும் நீங்களே போட்டுக்கங்க. ஆனா அந்தக் கார்டுல ரெண்டு எடத்துல மாத்தணும். புருசனுக்கு வேற பேரு வைங்க, என்ன பேரு வேணா வைங்க. இன்னொண்ணு, அந்த மகன எடுத்துருங்க. ஒங்ககூட யாராச்சும் இருக்காங்களான்னு பிள்ளைக கேட்டா, யாருமில்லன்னு சொல்றேன். மொத நாலஞ்சு பிள்ளைககிட்ட வாய் வராது. அப்பறம் பழகிரும்.

கெளம்பிட்டீங்களா? பாலு இன்னும் அரை பாக்கெட்டு இருக்கு. சரி சரி, ஒங்களுக்கும் வீடு இருக்கும். பாத்துப் போங்க. கதவச் சும்மா சாத்திட்டுப் போங்க மேடம். நேத்துதான் தாப்பாவுக்குத் தேங்கா எண்ண விட்டு வச்சேன், கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கு. நான் போட்டுக்கிருவேன்.